ஒளிக்கும் ஒத்திகை வேண்டும்

பூந்தமல்லி தாண்டி, நசரத்பேட்டை வழியே பெங்களூர் சாலையில் செல்வோர் செம்பரம்பாக்கத்துப் படப்பிடிப்பு வளாகத்தை அறிவார்கள். திரையரங்குக்காக எடுக்கும் படத்திற்கு இருட்டறையில் அமர்ந்து வண்ணம் திருத்துகிறார்கள். பிறகு அதை மக்கள் பார்ப்பது எங்கே? பஸ்ஸின் ஜன்னலோரத்தில், கைப்பேசியில்! இரவுக் காட்சி வந்தால் கதாநாயகன் முகம் தெரிவதில்லை. பார்ப்பவரின் முகமே கண்ணாடியில் தெரிகிறது. விளக்குப் பிடித்தவர்களின் உழைப்பெல்லாம் வீண்.

திரையரங்கின் வெண்திரைக்கு வகுத்த ஒளியளவு சதுர மீட்டருக்குச் சுமார் 48 கேண்டெலா. பின்னொளி கொண்ட கைப்பேசியோ பல நூறு கேண்டெலா வீசும். இருந்தும் இருண்ட காட்சி தெளிவதில்லை. ஏன்? கண் அளவுகோல் அன்று, ஒப்பிட்டே பார்ப்பது. சுற்றிலும் இருள் சூழ்ந்தால் படத்தின் கறுப்பு சற்று வெளுத்துத் தோன்றும். வெளிச்சம் சூழ்ந்தால் அதே கறுப்பு மேலும் கறுத்துவிடும். 1967-ல் பார்ட்டில்சன், பிரெனிமன் என்ற இருவர் இதை ஆராய்ந்து எழுதினார்கள்.

இந்த நிலைமைகளைக் கணினியிலேயே போலச் செய்து பார்க்கலாம். பின்னொளியைக் கூட்டிக் குறைத்து, படத்தைச் சுற்றி வெள்ளை, சாம்பல், கறுப்பு என விளிம்பை மாற்றினால் போதும். செலவு அதிகமில்லை, மனம்தான் வேண்டும்.

கலியாண ஆல்பம் போடும் ஸ்டூடியோக்காரருக்கும் இது பொருந்தும். பளிச்சென்ற திரையில் பார்த்து அச்சுக்கு அனுப்புகிறார். தாளுக்குச் சொந்த ஒளி ஏது? மணமகளின் அரக்குப் பட்டு கறுப்பாக வந்து நிற்கிறது.

நாடகத்திற்கு ஒத்திகை உண்டு. ஒளிக்கு மட்டும் ஏன் கூடாது? எடுத்தவர் கண்டதல்ல, காசு கொடுத்தவர் காண்பதே படம்.