ஏரியில் பறவை எண்ண யாருக்கு வசதி?

ஒரகடம் கார் ஆலையில் தொழிற்பழகுநராகச் சேரும் ஐடிஐ பையனுக்கு மாத உதவித்தொகை தரவேண்டும் என்கிறது 1961-ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டம். தொகை போதாது, பயிற்சி முடிந்ததும் வெளியே அனுப்பிவிடுகிறார்கள் என்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும் கேட்க ஒரு சட்டம் இருக்கிறது. ஆலைக்குப் பின்னாலுள்ள ஏரியில் பறவை கணக்கெடுக்கும் இன்டர்னுக்கு அதுவும் இல்லை.

முதுகலை முடித்ததும் இயற்கைப் பாதுகாப்புத் தொண்டு நிறுவனம் ஒன்றில் ஆறு மாதம் இன்டர்னாக இருந்தேன். ஸ்ரீபெரும்புதூர் சுற்றுவட்டார ஏரிகள்தான் களம். விடிவதற்குள் கரையில் நிற்கவேண்டும். அந்நேரத்தில் ஷிப்டுக்கு ஆளேற்றும் கம்பெனி பஸ்கள்தான் ஓடும். ஆகவே பைக் வேண்டும், பெட்ரோல் நம் செலவு, பைனாகுலரும் நம்முடையது. கடைசியில் ஒரு சான்றிதழ். உடன் இருந்தவர்களுக்கு வீட்டிலிருந்து பணம் வந்தது. நான் மாலையில் டியூஷன் எடுத்து ஓட்டினேன். எங்கள் சேரியில் என்னைவிடப் பறவைகளை அறிந்தவன் ஒருவன் உண்டு. நத்தைகுத்தி நாரை எந்த மடையருகே இறங்கும் என்று தூக்கத்திலும் சொல்வான். அவன் ஆலைக்குப் போனான். வேறென்ன செய்வான்?

இதை வெறும் வறுமை என்று சுருக்கிவிட முடியாது. புதரையும் புற்றையும் எங்களுக்குக் காட்டியவர்கள் இருளர்கள். அறிக்கையில் அவர்கள் ‘உள்ளூர் உதவியாளர்கள்’, பெயர்கூட இல்லை. படிவம் நிரப்பிய நாங்கள் ‘ஆய்வாளர்கள்’. அறிந்தவரைக் கூலியாகவும் எழுதியவரை அறிஞராகவும் பிரித்து வைப்பது சாதிக்குப் பழகிய வேலை.

வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து பாம்புத்தோல் வணிகம் முடங்கி, இருளர்கள் பிழைப்பிழந்தார்கள். 1978-இல் அவர்களுக்கென பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அது இயங்கும் வடநெம்மேலியும் 2019 வரை, ஸ்ரீபெரும்புதூர் இருக்கும் அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. பாம்பைப் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் விட்டுவிடுவார்கள். நஞ்சு பாம்புக்கடி மருந்துக்குப் போகும், பிடித்தவருக்குப் பணம் கிடைக்கும். மாசி சடையனும் வடிவேல் கோபாலும் மலைப்பாம்பு பிடிக்க 2017-இல் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள், 2023-இல் பத்மஸ்ரீயும் பெற்றார்கள். மகிழ்ச்சி. ஆனால் அவர்கள் சமூகத்துப் பிள்ளை உயிரியல் படித்துவிட்டு வந்தால், அவளுக்கும் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்தானா?

ஆர்வம் இருந்தால் போதும் என்பார்கள். பெட்ரோல் பங்கில் ஆர்வத்தை வாங்கிக்கொள்ள மாட்டார்கள். நிதி இல்லை என்பார்கள். 2013 கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடவேண்டும். அதை வாங்கி ஏரிக்கரையில் பெயர்ப்பலகை நடுபவர்கள், இன்டர்னின் உதவித்தொகையையும் திட்டச்செலவில் எழுதலாம். அரசுப் பணம் வாங்கும் திட்டங்களில் இந்த இடங்களுக்கு இடஒதுக்கீடும் வேண்டும். தோழர்களே, அடுத்த இன்டர்ன்ஷிப் விளம்பரம் கண்ணில் பட்டால் விண்ணப்பிக்கும் முன் உதவித்தொகை எவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள். வழிகாட்டும் இருளருக்கு நாள் கூலி எவ்வளவு, அறிக்கையில் அவர் பெயர் வருமா என்பதையும் அதே மடலில் கேளுங்கள்.