பைக் காலையில ஸ்டார்ட் ஆகலையா? ஷோரூமுக்குப் போறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்டும் இல்ல, தங்கமும் இல்ல. ஒரு பழைய பைக் கதை. ஆனா இதுவும் பணத்தைப் பத்தினதுதான்.

என் தம்பி ஊட்டியில பால் பாக்கெட் போடுறான். காலையில 5 மணிக்கு வண்டி எடுத்தாகணும். 2012 மாடல் 100 சிசி பைக். இந்த ஜனவரியில புல்வெளி எல்லாம் உறைபனியில வெள்ளையா கிடக்க, ஒரு வாரமா வண்டி ஸ்டார்ட் ஆகல. மூணு நாள் ஆட்டோவுல போய் பால் போட்டான். நாலாவது நாள் எனக்கு போன்: "அண்ணா, போதும். புது வண்டிக்கு பேப்பர் எல்லாம் குடுத்துட்டேன். நாளைக்கு கையெழுத்து."

கணக்கு கேட்டேன். ஆன்ரோடு 1,10,000. சீட்டு எடுத்த 20,000 முன்பணம், மீதி 90,000 லோன். மூணு வருஷம், 10% ஃபிளாட் வட்டி. அதாவது வட்டி மட்டும் 27,000, இஎம்ஐ 3,250. ஃபிளாட்டுனு சொன்னா 10% குறைவா தெரியும். ஆனா நீங்க மாசாமாசம் அசலைக் கட்டிக் குறைச்சுக்கிட்டே வந்தாலும், வட்டி மட்டும் முழு 90,000-க்கும் போட்டிருப்பாங்க. குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டா அது கிட்டத்தட்ட 18%. மாசம் 9,000 கையில நிக்கிற ஒருத்தனுக்கு மூணுல ஒரு பங்குக்கு மேல இஎம்ஐக்கே போயிடும்.

என் கருத்து இதுதான்: காலை 5 மணி கோபத்துல 36 மாசக் கடன் வாங்கக் கூடாது. முதல்ல கோளாறு என்னன்னு தெரியணும். அதுக்கு அப்புறம்தான் வண்டி வேணுமா, வேண்டாமானு பேசணும்.

நானே பண்ணின தப்பு

இதுல நானும் யோக்கியன் இல்ல. முதல் நாளே போன்ல "பேட்டரி போயிருக்கும்டா, மாத்து"னு சொன்னது நான்தான். 1,150 ரூபாய்க்கு மாத்தினான். வண்டி அசையல. யோசிச்சுப் பார்த்தா, அவன் கிக்கர் அடிச்சும்தான் ஸ்டார்ட் ஆகல. பல பழைய 100 சிசி வண்டிகள்ல ஸ்பார்க்குக்கு வேண்டிய கரண்ட் பேட்டரியில இருந்து வராது. கிக்கர் அடிச்சு என்ஜின் சுத்தும்போது மேக்னெட் காயில்ல இருந்தே வரும். செல்ஃப் மட்டும் வேலை செய்யாம, கிக்கர்ல வண்டி எடுத்தா பேட்டரியைச் சந்தேகப்படலாம். ரெண்டுலயுமே எடுக்கலைன்னா அங்கே பணத்தைப் போடாதீங்க. குருட்டு யோசனைக்கு என் தம்பி கட்டின அபராதம் அந்த 1,150. அதை அவனுக்கு ஜிபே பண்ணிட்டேன்.

குளிர்ல என்னதான் நடக்குது?

பெட்ரோல் ஆவியானாத்தான் எரியும். குளிர்ல சரியா ஆவியாகாது. அதனாலதான் கார்புரேட்டர் வண்டியில சோக் வச்சிருக்காங்க: காத்தைக் குறைச்சு பெட்ரோலைக் கூட்டும். என்ஜின் ஆயிலும் குளிர்ல கெட்டியாகி என்ஜினை மெதுவா சுத்த விடும். இப்போ பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20% எத்தனால். அது குளிர்ல பெட்ரோலை விட இன்னும் சோம்பேறி, ஈரத்தையும் இழுக்கும்.

மலைக்குன்னு தனியா ஒரு விஷயமும் இருக்கு. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல. அங்கே காத்து லேசு. கீழே செட் பண்ணின கார்புரேட்டர் மேலே போனா, காத்துக்கு மீறி பெட்ரோல் விடும். அதோட சோக்கையும் போட்டபடியே ஓட்டினா பிளக் கரி பிடிச்சுப் போகும்.

செலவு குறைஞ்சதுல இருந்து ஆரம்பிங்க

முதல்ல, பைசா செலவில்லாதது. டேங்க்ல பெட்ரோல் இருக்கா, டேப் ஆன்ல இருக்கா, கில் சுவிட்ச் இருந்தா அது சரியா இருக்கானு பாருங்க. சிரிக்காதீங்க, இதுலயே பாதிப் பேர் மாட்டுறோம். சாவி போடாம நாலஞ்சு தடவை கிக்கர் அடிங்க, ஆயில் கொஞ்சம் இளகும். அப்புறம் சாவி போட்டு, சோக் முழுசா போட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாம அடிங்க. ஸ்டார்ட் ஆனதும் என்ஜின் சூடாகச் சூடாக சோக்கைக் குறைச்சு எடுத்துடுங்க. மூடின ஷெட்டுக்குள்ள வண்டியை ஓடவிட்டு சூடு பண்ணாதீங்க. அந்தப் புகை உயிரையே எடுக்கும்.

பெட்ரோல் வாடை அடிச்சா, ஓவர்ஃப்ளோ ஆகியிருக்கு. சோக்கை எடுத்துட்டு, ஆக்ஸிலேட்டரை முழுசா திருகிப் பிடிச்சுக்கிட்டு சில தடவை அடிங்க.

அடுத்து பிளக். கழட்டிப் பாருங்க. ஈரமா, கறுப்பா இருந்தா பெட்ரோல் அதிகம், இல்லைன்னா ஸ்பார்க் வீக். அத்தனை தடவை அடிச்சும் காஞ்சே இருந்தா பெட்ரோலே வரல. ஸ்பார்க் பார்க்கணும்னா பிளக்கை கேப்ல மாட்டி, அதோட இரும்பு என்ஜினைத் தொடுற மாதிரி வச்சு கிக்கர் அடிக்கணும். சிந்தின பெட்ரோலைத் துடைச்சுட்டு, பிளக் ஓட்டைக்குத் தள்ளி வச்சுப் பண்ணுங்க. கை நடுங்கினா மெக்கானிக்கிட்ட விட்டுடுங்க.

அப்புறம் தண்ணி. கார்புரேட்டர் கிண்ணத்துக்கு அடியில ஒரு சின்ன ட்ரெயின் ஸ்க்ரூ இருக்கும். பெட்ரோல் டேப்பை மூடிட்டு அதை லேசா லூஸ் பண்ணி, வர்றதை ஒரு கண்ணாடி டம்ளர்ல பிடிச்சா, தண்ணி அடியில தனியா நிக்கும்.

கடைசியா ஏர் ஃபில்டர், ஆயில், வால்வ் செட்டிங். ஆயில் வாங்கும்போது உங்க வண்டி மேனுவல்ல போட்டிருக்கிற கிரேடைப் பாருங்க. மேனுவல் 10டபிள்யூ-30 சொல்லியிருக்க, கடைக்காரர் கொடுத்தார்னு 20டபிள்யூ-40 ஊத்தினா, ஊட்டிக் குளிர்ல அது கஞ்சி மாதிரி நிக்கும்.

தம்பி வண்டிக்கு ஆனது

அன்னைக்கு மதியமே அவனை ஒரு மெக்கானிக்கிட்ட அனுப்பினேன். பிளக் முழுக்கக் கரி. ஏர் ஃபில்டர் மூச்சு விட முடியாம அடைச்சுக் கிடந்தது. ஆயில் தப்பான கிரேடு. பிளக் 120, ஃபில்டர் 190, ஆயில் 420, கார்புரேட்டர் கிளீன் பண்ணின கூலி 300. மொத்தம் 1,030 ரூபாய். மறுநாள் காலையில மூணாவது கிக்ல எடுத்துச்சு. கட்ட இருந்த வட்டிக் காசுல இதே ரிப்பேரை 26 தடவை பண்ணலாம்.

ஆனா அவன் ஒண்ணு சொன்னான்: "மிச்சம் சரிதான் அண்ணா. நீ கோயம்புத்தூர்ல போர்வைக்குள்ள இருந்துக்கிட்டு கணக்கு சொல்ற. விடியக்காலையில இருட்டுல நின்னு உதைக்கிறது நான்." அது நியாயம். பழைய வண்டியைக் கட்டிக்கிட்டே அழணும்னு நான் சொல்லல. வண்டி நின்னா அவனுக்கு அன்னைய வருமானமே நிக்கும். அந்த நஷ்டத்தையும் கணக்குல சேர்க்கணும்.

அப்போ எப்பத்தான் விக்கிறது?

நான் பார்க்கிறது மூணு விஷயம். ஒண்ணு, கம்ப்ரஷன் போய், நீலப் புகை விட்டு, என்ஜின் வேலைக்கு மெக்கானிக் சொல்ற தொகை வண்டி விக்கிற விலையில பாதியைத் தாண்டினா. ரெண்டு, எல்லாம் சரி பண்ணின பிறகும் மாசத்துல ரெண்டு நாள் வேலை கெட்டா. மூணு, 15 வருஷம் முடிஞ்சு ஆர்சி புதுப்பிக்கிற செலவும், அதுக்காக வண்டியைத் தயார் பண்ற செலவும் கட்டுப்படியாகலைன்னா. இதுல ஒண்ணு இருந்தாலும் தயங்காம வித்துடுங்க.

தம்பி வண்டிக்கு ஆர்சி 2027 வரைக்கும் இருக்கு. அதனால ஒரு ஒப்பந்தம் போட்டோம். ஷோரூமுக்குக் கட்ட இருந்த 3,250-ல 2,000-ஐ மாசாமாசம் ஆர்டியில போடுறான். 18 மாசத்துல வட்டி சேர்க்காமலே 36,000. சீட்டுப் பணம் 20,000 அப்படியே இருக்கு. பழைய வண்டியை வித்தா வர்றது தனி. அப்போ வாங்கப் போற கடன் 90,000 இல்ல, ஏறக்குறைய பாதிதான். முக்கியமா, ஓடுற வண்டியை வச்சுக்கிட்டு நிதானமா நாலு ஷோரூம் ஏறி இறங்கி பேரம் பேசுவான். ஸ்டார்ட் ஆகாத வண்டியோட போறவனால பேரம் பேச முடியாது.

பிளக் கழட்டுறது, கிண்ணத்துத் தண்ணியை எடுக்கிறது ரெண்டையும் இந்த வார வீடியோவுல காட்டியிருக்கேன். உங்க வண்டி காலையில மக்கர் பண்ணினா, அன்னைக்கு மட்டும் பொறுத்துக்கிட்டு பஸ்ல போயிடுங்க. கையெழுத்தை ஒரு வாரம் கழிச்சும் போடலாம்!