பஸ் டிக்கெட்டும் பெண்ணின் கூலியும்

கர்நாடக அரசாங்கம் 2023 ஜூன் 11 அன்று பெண்களுக்கு இலவச பஸ் பயணம் தரும் 'சக்தி' திட்டத்தைத் தொடங்கியபோது, 'ஓசிப் பயணம்' என்று கேலி பேசியவர்கள் பலர். டீக்கடைகளில் அவர்களோடு சேர்ந்து சிரித்த தமிழ் ஆண்களும் உண்டு. கம்பெனி வண்டியில் போய் வருகிறவருக்கு அப்படிப் பேசுவது சுலபம்.

வீட்டு வேலை செய்யும் பெண்ணின் கணக்கு வேறு. வீட்டில் சைக்கிளோ ஸ்கூட்டரோ ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் ஆணுக்குத்தான். அவள் நடக்கும் தூரத்தில் கிடைக்கிற வேலையை, கொடுக்கிற கூலிக்கு ஏற்கிறாள். பஸ் ஏறிப் போனால் கூலி கூடும் என்று தெரிந்தும் போவதில்லை. அந்தக் கூடுதலை டிக்கெட் தின்றுவிடும். அவளால் தூரம் போக முடியாது என்பது வேலை கொடுப்பவருக்கும் தெரியும். பிறகு கூலி எப்படி உயரும்? வளரும் நாடுகளில் பெண்கள் வேலைக்கு வரத் தடையாக இருப்பவற்றுள் போக்குவரத்துக் குறையையே சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2017-ல் முதலாவதாகச் சொன்னது.

ஆனால் இந்தச் சலுகை வேண்டுமானால் கர்நாடக முகவரியுள்ள அடையாள அட்டை வேண்டும். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்கள் இலவசமாகப் போகிறார்கள்; அங்கே அட்டை எதுவும் கேட்பதில்லை. பீன்யாவிலும் பொம்மனஹள்ளியிலும் தைக்கும் தர்மபுரிப் பெண், ஆதாரில் ஊர் முகவரி இருப்பதால் காசு கொடுத்தே டிக்கெட் வாங்க வேண்டியிருக்கிறது. அந்தக் கட்டணமும் 2025 ஜனவரி 5 முதல் 15 சதவிகிதம் உயர்ந்தது.

முகவரியை மாற்றினால் என்ன? வாடகைப் பத்திரம் எழுதித் தர வீட்டுக்காரர்கள் பலர் தயங்குகிறார்கள். அது பாதிக் காரணந்தான். ஊர் ரேஷன் கார்டு போய்விடுமோ, மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை நின்றுவிடுமோ, ஓட்டு போய்விடுமோ என்று வீட்டு ஆண்கள் யோசிக்கிறார்கள். அந்த யோசனையில் அவளுடைய தினசரி டிக்கெட் மட்டும் சேர்வதில்லை. எது லாபம், எது நஷ்டம் என்று அவளையே கணக்குப் போட விட்டால் என்ன குறைந்துவிடும்? ஆதார் ஆளுக்கு ஆள் தனித்தனி. கணவன் ஊர் முகவரியை வைத்துக்கொண்டு, மனைவி மட்டும் மாற்றிக்கொள்ளத் தடை ஏதுமில்லை.

அரசாங்கமும் கொஞ்சம் இறங்கி வர வேண்டும். தொழிற்சாலை தரும் அடையாள அட்டையில் கர்நாடக முகவரி இருந்தால், கண்டக்டர் அதை ஏற்க உத்தரவிடலாம். வீட்டு வேலை செய்பவர்களுக்கு அந்த அட்டையும் கிடையாது. அவர்கள் குடியிருக்கும் வார்டிலேயே ஒரு சான்று கொடுக்கலாம். இங்கேயே உழைத்து, இங்கேயே அரிசி பருப்பு வாங்கி, அதற்கு வரியும் கொடுக்கிறவர்கள் இவ்வளவு கேட்பது அதிகமில்லை.