அத்தாவின் பங்குகளும் அன்றைய விலையும்

 

கழுகுமலையிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் என் முன்னே இருக்கிறது. அதன் சாரம் இதுதான்:

"எங்கள் அத்தா பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில், 2004ஆம் ஆண்டு, பயோகான் நிறுவனத்தின் 20 பங்குகளை வாங்கினார்கள். 2019 மே மாதம் மௌத்தாகிவிட்டார்கள். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார்கள். அண்ணனும் நானும் மட்டுமே வாரிசுகள். அத்தா மௌத்தான அன்று கணக்கில் 120 பங்குகள் இருந்தன. அண்ணன் கணினியில் பழைய விலையைத் தேடியெடுத்து, அன்றைய விலைப்படி என் பாகத்தைக் கணக்கிட்டு ஒரு தொகை தர முன்வந்திருக்கிறார். அண்ணன் ஏமாற்றக் கூடியவர் அல்லர். ஆயினும் மனம் அமைதி கொள்ள மறுக்கிறது. பழைய விலை சரிதானா என்று பார்க்க வழி உண்டா?"

உண்டு, சகோதரி. தங்களுடைய கேள்வி தங்களுக்கு மட்டும் உரியதன்று. இன்று நம் இல்லங்கள் பலவற்றில், பெரியவர்கள் எப்போதோ வாங்கி வைத்த பங்குகள் பீரோவில் காகிதமாகவோ, டிமேட் கணக்கில் எண்ணாகவோ உறங்கிக் கொண்டிருக்கின்றன. பங்கு வாங்குவது ஆகுமா, ஆகாதா என்ற மார்க்கக் கேள்வியை ஆலிம்களிடம் கேட்டுக் கொள்ளுங்கள். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் பங்கின் பழைய விலையைப் பிழையின்றிப் படிப்பது எப்படி என்பதை மட்டும் இம்மாதம் பார்ப்போம்.

முதலில் நம் ஊர்ப் பொருள் ஒன்றைக் கொண்டே இதைப் புரிந்து கொள்வோம். கோவில்பட்டி, கழுகுமலை வட்டாரத்தில் தீப்பெட்டியை அறியாத வீடு ஏது? 2007 முதல் ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டி, 2021 டிசம்பர் முதல் தேதியன்று இரண்டு ரூபாயாயிற்று. விலைப்பட்டியலை மட்டும் பார்ப்பவர், "அடேயப்பா, விலை இரு மடங்காகிவிட்டதே!" என்பார். ஆனால் பெட்டியைத் திறந்து எண்ணியவருக்கு வேறொன்று தெரியும். முன்பு பெட்டிக்கு 36 குச்சிகள். விலை உயர்ந்தபோது 50 குச்சிகள். ஒரு குச்சியின் விலை சுமார் 2.8 காசிலிருந்து 4 காசாயிற்று. அதாவது நூற்றுக்கு 44 உயர்வு, இரு மடங்கன்று. பெட்டியின் விலையைக் கேட்டால் போதாது, உள்ளே எத்தனை குச்சி என்றும் கேட்க வேண்டும். பங்கின் பழைய விலையைப் படிப்பதும் இதுவேதான்.

இனி, தங்கள் தந்தையார் வாங்கிய பங்கின் வரலாற்றுக்கு வருவோம். பயோகான், கிரண் மஜும்தார் அவர்களால் 1978இல் பெங்களூரில் தொடங்கப்பட்டது. பப்பாளியிலிருந்து எடுக்கும் பப்பெயின் போன்ற நொதிப் பொருள்களில் தொடங்கி, பின்னர் இன்சுலின், புற்றுநோய் மருந்து என உயிரித் தொழில்நுட்ப மருந்துகளுக்கு வளர்ந்த நிறுவனம் அது. 2004ஆம் ஆண்டு பொதுமக்களுக்குப் பங்கு ஒன்றை 315 ரூபாய் வீதம் வெளியிட்டது. அவ்வாண்டு ஏப்ரல் 7ஆம் நாள் பங்குச்சந்தையில் அதன் வணிகம் தொடங்கியது. தங்கள் தந்தையார் வெளியீட்டு விலைக்கே வாங்கியிருந்தால், 20 பங்குகளுக்குக் கொடுத்தது 6,300 ரூபாய்.

அதன்பின் அந்நிறுவனம் மூன்று முறை போனஸ் பங்குகள் வழங்கியது. 2008 செப்டம்பரில் ஒன்றுக்கு ஒன்று: 20 பங்குகள் 40 ஆயின. 2017 ஜூனில் ஒன்றுக்கு இரண்டு: 40 பங்குகள் 120 ஆயின. 2019 ஜூனில் மீண்டும் ஒன்றுக்கு ஒன்று: 120 பங்குகள் 240 ஆயின. ஆக, அன்றைய ஒரு பங்கு இன்று பன்னிரண்டு பங்குகள்.

போனஸ் என்றதும் யாரோ பணத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. ஒரு ரொட்டியை நான்கு துண்டாக்கியவர், அதையே எட்டுத் துண்டாக்குகிறார், ரொட்டி பெருகவில்லை. எனவே ஒன்றுக்கு ஒன்று போனஸ் வழங்கப்படும்போது பங்கின் விலை ஏறத்தாழப் பாதியாகிவிடும். பங்கின் எண்ணிக்கை இரட்டித்திருப்பதால் உடையவருக்கு இழப்பில்லை.

இங்கேதான் பழைய விலைப்பட்டியல்கள் இரண்டு வகையாகப் பிரிகின்றன. ஒன்று, அன்று சந்தையில் உள்ளபடியே நடந்த விலை. மற்றொன்று, பின்னர் வந்த போனஸுக்கெல்லாம் ஏற்பப் பழைய விலைகளை வகுத்துத் திருத்திய விலை. திருத்திய பட்டியலில் 2004ஆம் ஆண்டு வெளியீட்டு விலையைக் குறிப்பதாயின், 315ஐப் பன்னிரண்டால் வகுத்து 26 ரூபாய் 25 காசு என்று குறிக்க வேண்டும். அந்த விலைக்கு அன்று எவரும் வாங்கியதில்லை. ஆயினும் அது பொய்யுமன்று. 240 பங்குகளை 26.25ஆல் பெருக்கிப் பாருங்கள். அதே 6,300 ரூபாய் வரும்.

திருத்திய விலை எதற்குப் பயன்படும்? ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க. 2019 ஜூனில் போனஸ் வந்தபோது நடந்த விலை பாதியானது. அது வெறும் கணக்கு மாற்றம். ஆனால் 2021இன் தொடக்கத்தில் 450 ரூபாய்க்கு மேல் விற்ற அதே பங்கு, 2023 மார்ச்சில் அதில் பாதிக்கும் கீழே சென்றது. இடையே போனஸ் ஏதும் இல்லை. ஆகவே இது மெய்யான இறக்கம். உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்களின் பங்குகளில் இத்தகைய ஏற்ற இறக்கம் புதிதன்று. ஒரு மருந்தை உருவாக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். ஓர் அரசின் அனுமதி கிடைப்பதும் தள்ளிப்போவதும், பெரிய தொகைக்கு வேறொரு தொழிலை வாங்குவதும் விலையை அசைத்துவிடும். 2017 டிசம்பரில் பயோகானும் மைலானும் உருவாக்கிய மார்பகப் புற்றுநோய் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததும், 2022இல் வியாட்ரிஸ் நிறுவனத்தின் உயிரிமருந்துத் தொழிலை 300 கோடி டாலருக்கும் மேற்பட்ட மதிப்பில் பயோகான் வாங்கியதும் அத்தகைய நிகழ்ச்சிகளே. எனவே விலை பாதியானதைக் கண்டால், "துண்டு கூடியதா, ரொட்டி தேய்ந்ததா?" என்று முதலில் கேளுங்கள்.

இப்போது தங்கள் கணக்கைப் பார்ப்போம். எளிதாக விளங்குவதற்காக, தந்தையார் மௌத்தான நாளில் பங்கு ஒன்று 500 ரூபாய்க்கு விற்றது என்று வைத்துக் கொள்வோம். அன்று இருந்தவை 120 பங்குகள். மொத்த மதிப்பு 60,000 ரூபாய். கடனோ வஸிய்யத்தோ இல்லையென்றால், ஒரு மகனுக்கு இரண்டு பாகம், ஒரு மகளுக்கு ஒரு பாகம். தங்களுக்கு உரியது 20,000 ரூபாய்.

தங்கள் அண்ணன் பார்த்தது திருத்திய பட்டியலாக இருந்தால் என்ன ஆகும்? அடுத்த மாதமே வந்த போனஸுக்காக, அதே நாளின் விலையை அது 250 ரூபாய் என்று காட்டும். அதை அவர் 120ஆல் பெருக்கினால் 30,000. அதில் மூன்றில் ஒன்று 10,000. தங்கள் பாகத்தில் சரிபாதி காணாமல் போய்விடும்! எவரும் பொய் சொல்லவில்லை, எவரும் திருடவுமில்லை. திருத்திய விலையோடு திருத்தாத எண்ணிக்கையைச் சேர்த்துப் பெருக்கியதுதான் பிழை.

ஆகவே இதனை மனத்தில் பதித்துக் கொள்ளுங்கள். அன்றைய எண்ணிக்கையை அன்று நடந்த விலையால் பெருக்குங்கள். அல்லது இன்றைய எண்ணிக்கையைத் திருத்திய விலையால் பெருக்குங்கள். இரண்டும் ஒரே விடையைத் தரும். ஒன்றின் தலையை மற்றொன்றின் உடலில் ஒட்டவைக்காதீர்கள். வணிக நோக்கில் வைத்திருக்கும் பங்குகளுக்கு ஆண்டு நிறைவு நாளின் விலைப்படி ஜகாத் கணக்கிடுவோருக்கும் இதே விதிதான்.

தாங்கள் கையில் இருக்கும் பட்டியல் எவ்வகையைச் சேர்ந்தது என்று அறிவது எளிது. பயோகானுக்கு 2004 ஏப்ரல் மாதத்து விலையைப் பாருங்கள். 300 ரூபாய்க்கு மேலே காட்டினால் அது நடந்த விலை. முப்பது, நாற்பது ரூபாய் என்ற அளவில் காட்டினால் திருத்திய விலை. மும்பைப் பங்குச்சந்தையும் தேசியப் பங்குச்சந்தையும் தம் இணையதளங்களில் நாள்வாரியாகப் பழைய விலைகளைக் கட்டணமின்றித் தருகின்றன. அங்கே தொடக்க விலை, உச்ச விலை, தாழ்ந்த விலை, முடிவு விலை என்று நான்கு இருக்கும். வாரிசுகள் அனைவரும் முடிவு விலையையே எடுத்துக் கொள்வதென்று பேசி வைத்துக் கொள்வது வீண் வாதத்தைத் தவிர்க்கும். அந்நாள் விடுமுறையாயின், அதற்கு முந்தைய வணிக நாளைப் பாருங்கள்.

இவ்வளவு சொன்ன பின்னும், சகோதரி, தங்களுக்கு இதைவிட நல்ல வழி ஒன்றுண்டு. விலையையே பார்க்க வேண்டாம். பங்குகளையே பிரித்துக் கொள்ளுங்கள். தந்தையார் மௌத்தான நொடியிலேயே அந்த 120 பங்குகளில் தங்களுக்கு உரிய பாகம் தங்களுடையதாகிவிட்டது. அதன் மேல் வந்த போனஸும் அவ்வாறே. இன்றுள்ள 240 பங்குகளில் அண்ணனுக்கு 160, தங்களுக்கு 80. இடைப்பட்ட ஆண்டுகளில் வந்த ஈவுத்தொகையிலும் மூன்றில் ஒன்று தங்களுக்கு உரியது. விலைப்பட்டியல் எதுவும் அதைக் காட்டாது, வங்கிப் புத்தகத்தில்தான் தேட வேண்டும். பணமாகத்தான் தருவது என்று அண்ணன் விரும்பினால், 2019இன் விலையா, இன்றைய விலையா என்பதை இருவரும் மனமொப்பி, ஆலிம் ஒருவர் முன்னிலையில் முடிவு செய்து எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கணக்கில் அண்ணன் பெயர் நாமினியாக இருந்தாலும், அதனால் மட்டும் பங்குகள் முழுவதும் அவருக்கு உரியவை ஆகிவிடா. நாமினி என்பவர் வாரிசுரிமையை மாற்றிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது.

அண்ணனுக்கும் ஒரு சொல். தங்கள் தங்கை தங்களைச் சந்தேகித்து இக்கடிதம் எழுதவில்லை. சந்தேகம் உறவுக்குள் நுழையக் கூடாது என்பதற்காகவே எழுதியிருக்கிறார். இருவரும் ஒரு மாலை அஸருக்குப் பின் ஒன்றாக அமர்ந்து, டிமேட் அறிக்கையையும் அன்றைய விலையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அரை மணி நேர வேலை. உங்கள் அத்தா இரண்டு பிள்ளைகளுக்குமாகச் சேர்த்து வைத்தது அது. அதில் ஒரு காசும் கணக்குப் பிழையால் இடம் மாறிவிடக் கூடாது.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.