குற்றஞ்சாட்டுமுன் இடம் கொடுங்கள்

“பிள்ளைகள் பள்ளிவாசல் பக்கம் தலைகாட்டுவதில்லை.” மணிமங்கலம் வட்டாரத்தில் பெரியவர்கள் கூடும் இடமெல்லாம் இதே புலம்பல்தான். ஏன் வருவதில்லை என்று அந்தப் பிள்ளைகளிடம் எவரேனும் கேட்டதுண்டா?

ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் தொழிற்சாலைகள் மூன்று ஷிப்டுகளாக இயங்குகின்றன. இரவு ஷிப்டு முடித்தவன் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகையில் பஜ்ர் ஜமாஅத் முடிந்திருக்கிறது. பகல் ஷிப்டில் இருப்பவனுக்கோ ஜுமுஆ நேரத்தில் அனுமதி கிடைப்பதே பெரும்பாடு. அவனுக்காக நிர்வாகத்திடம் ஒரு கடிதம் எழுதிக் கொடுக்க நம் ஜமாஅத்துகளில் எத்தனை முன்வந்தன? சோம்பேறி என்று பட்டம் சூட்ட மட்டும் நாம் தவறுவதில்லை.

ஹிஜ்ரி 11-இல் நபி (ஸல்) அவர்கள் ரோமர்களை நோக்கிய படைக்கு உஸாமா இப்னு ஸைத் (ரலி) அவர்களைத் தளபதியாக்கினார்கள். அப்போது அவருக்கு வயது இருபதைத் தாண்டவில்லை. சிலர் முணுமுணுத்தார்கள், நபியவர்கள் முடிவை மாற்றவில்லை. பின்னர் கலீஃபாவான அபூபக்ர் (ரலி), உஸாமா வாகனத்தில் அமர்ந்திருக்கத் தாம் நடந்தே சென்று படையை வழியனுப்பினார்கள். உமர் (ரலி) அவர்களை மதீனாவில் நிறுத்திக்கொள்ள அந்த இளைஞரிடமே அனுமதி கேட்டார்கள். கலீஃபா கேட்டார்! நம் முத்தவல்லிகளுக்கு என்ன தடை?

அறிவுரை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பொறுப்பின்றி வரும் அறிவுரை காதில் ஏறுவதில்லை. முப்பது வயதுக்குட்பட்ட இருவரையேனும் நிர்வாகத்தில் சேருங்கள். பைத்துல்மால் கணக்கை அவர்களிடம் ஒப்படையுங்கள். கூட்டத்தை ஞாயிறு அஸருக்குப் பின் வையுங்கள். இஷாவுக்குப் பின் வைத்தால் இரவு ஷிப்டு பஸ் புறப்பட்டுவிடும்.