மனவடுவும் மதிப்பெண்ணும்

மனத்தின் காயத்தை எண்களால் அளக்க இயலுமா என்னும் வினாவை இலக்கியம் பயின்ற நம்மில் பலர் ஏளனத்தோடுதான் எழுப்புகிறோம். அந்த ஏளனம் பொருத்தமற்றது. வியட்நாம் போரிலிருந்து மீண்ட படைவீரர்களின் துயரம் வெறும் மனப்பலவீனமாகக் கருதப்பட்ட காலம் உண்டு. 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன் கையேட்டில் இதனைத் தனி நோயாகச் சேர்த்த பின்னரே முறையான ஆய்வும் சிகிச்சையும் பெருகின. தமிழில் இதற்கு 'மனவடு' என்னும் அருஞ்சொல்லை வழங்கி, ஈழப்போரின் உளத்தாக்கங்களை ஆராய்ந்தவர் யாழ்ப்பாண உளமருத்துவர் தயா சோமசுந்தரம்.

இன்று பரவலாக வழங்கும் வினாப்பட்டியல் ஒன்றில் 20 அறிகுறிகள் உள்ளன. கடந்த ஒரு மாதத்தில் ஒவ்வொன்றும் எவ்வளவு துன்புறுத்தியது என்பதற்கு 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 80. 31 முதல் 33 வரையிலான எல்லையைத் தொட்டால் நோய் இருக்கக்கூடும் எனக் கொண்டு மேலும் ஆராய்வர்.

அவ்வறிகுறிகளுள் ஒன்று, நிகழ்ந்ததை நினைவூட்டுவனவற்றைத் தவிர்த்தல். தவிர்த்தல் சிறிதும் இல்லையெனில் அமெரிக்கக் கையேட்டின்படி நோய் உறுதியாகாது. காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தை ஏந்தி, 2017இல் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் தெருவோரம் அமர்ந்த தாயரை இங்கே எண்ணிப் பார்ப்போம். நினைவைத் தவிர்ப்பதன்று, அதனைக் கைவிட மறுப்பதே அவர்களின் வாழ்க்கை. மேலும், அவர்களுக்கு எதுவும் இன்னும் 'பிந்தையது' ஆகவில்லை.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைச் சுட்டுகிறார். அச்சத்தின் நிலைக்களன்களில் அரசனையும் வைக்கிறார். அது மருத்துவ நூலன்று. எனினும் ஓர் உணர்வை அதன் காரணத்தோடு சேர்த்தே காண வேண்டும் என்னும் தெளிவு அதில் உண்டு. வினாப்பட்டியல் அச்சத்தின் தழும்பை நுட்பமாகத் தேடுகிறது. வறுமையைக் கேட்பதில்லை.

ஆயினும் அளவையைத் துறந்தால் எது பயன் தருகிறது என்பதை எவ்வாறு அறிவோம்? 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் வடகிழக்கு இலங்கையில் 31 சிறாரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு குழுவினர் தம் வாழ்வைத் தொடர்கதையாக எடுத்துரைத்தனர். மற்றொரு குழுவினர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தனர். ஒவ்வொரு சிறாருக்கும் 6 அமர்வுகள். ஆறு மாதங்களுக்குப் பின் முதற்குழுவில் 81 விழுக்காட்டினரும் இரண்டாம் குழுவில் 71 விழுக்காட்டினரும் மீண்டிருந்தனர். சிகிச்சை பெறாத குழுவொன்று ஒப்பீட்டுக்கு இல்லாமையால், காலமே ஆற்றிய பங்கு எவ்வளவு எனக் கூற இயலாது. எண்ணிக்கையும் சிறிது. எனினும், இரண்டில் ஒன்றே உயர்ந்தது என வாதிடுவோரை இந்த எண்கள் சற்று அடக்குகின்றன.

ஆகவே அளவுகோலை எறிய வேண்டியதில்லை. அது மொழிபெயர்க்கப்பட்டால் மட்டும் போதாது; துயருற்றோர் தம் துயரத்துக்கு வழங்கும் சொற்களிலிருந்தும் வினாக்கள் பிறக்க வேண்டும். அப்பணியில் மருத்துவரோடு மொழி பயின்றோரும் அமர்ந்தாக வேண்டும். குறைந்த மதிப்பெண் பெற்றாள் என்பதற்காக ஒரு தாயை நலமுடையவள் என எழுதி அனுப்பிவிடும் பிழை, நம் சோம்பலால் நேரலாகாது.