கற்பதும் ஒரு கடமையே

உழைக்காமல் உண்பவனை எந்தச் சமுதாயமும் நெடுங்காலம் மதிப்பதில்லை. உழைக்க மனமிருந்தும் வழியறியாது நிற்பவனைப் பட்டினி கிடக்க விடும் சமுதாயத்தை நாம் நாகரிகமுடையதென்று கொள்வதுமில்லை. இவ்விரு நியாயங்களையும் ஒரே சட்டத்தினுள் அடக்க முயலும் நாடுகளுள் அவுஸ்திரேலியா ஒன்று. அங்கே புதிதாக வந்திறங்கும் அகதியொருவர், அரசாங்கம் தரும் உதவிப் பணத்துக்கு ஈடாக யாது செய்யவேண்டும் என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

அந்நாட்டில் வேலையற்றோருக்கு இரு வாரங்களுக்கொரு முறை கொடுப்பனவு உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் அதற்கு 'ஜொப்சீக்கர்' என்று பெயர். 'சென்ரர்லிங்க்' எனப்படும் அரசாங்கச் சேவை அதனை வழங்குகிறது. பணம் பெறுபவர் வெறுமனே இருத்தலாகாது. வேலை தேடவேண்டும், குறித்த நாளில் அலுவலரைக் காணவேண்டும், பயிற்சி பெறவேண்டும். இதனைப் பரஸ்பரக் கடமை என்கிறார்கள். 2022ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் இக்கடமை புள்ளிகளால் அளக்கப்படுகிறது. பொதுவாக மாதத்துக்கு 100 புள்ளிகள் தேவை. வேலைக்கு அனுப்பும் ஒரு விண்ணப்பம் 5 புள்ளி பெறும். விண்ணப்பங்களால் மாத்திரமே கணக்கை நிரப்புபவர் 20 விண்ணப்பங்கள் எழுதவேண்டும். ஆங்கிலத்தில் தம் பெயரையும் எழுத அறியாத ஒருவர் இக்கணக்கை எங்ஙனம் நிரப்புவார்?

இவ்விடத்திலேதான் சட்டம் சற்றே இளகுகிறது. குடிபெயர்ந்து வரும் ஏனையோர் இக்கொடுப்பனவுக்கு நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அகதிக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. வந்த புதிதில் வீடு தேடவும், பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்க்கவும், வைத்தியரைக் காணவும் அவருக்கு அவகாசம் கொடுக்கப்படுகிறது. அதன் பின்னரும் முதலாண்டில் வேலை தேடுவதற்குப் பதிலாக ஆங்கில வகுப்புக்குச் சென்று கடமையை நிறைவேற்ற இடமுண்டு. வகுப்பில் ஒழுங்காக அமர்ந்து கற்பதே அவருடைய உத்தியோகம் என்று சொல்லலாம்.

வளர்ந்தோருக்கான இவ்வாங்கிலக் கல்வித் திட்டம் புதியதன்று. இரண்டாம் உலகப் போரால் வீடிழந்து வந்த ஐரோப்பியருக்காக 1948இல் தொடங்கப்பெற்றது. பிற்காலத்தில் ஒருவருக்கு 510 மணி நேரம் என்று வரம்பு வைத்திருந்தார்கள். வாரத்துக்கு 15 மணி நேரம் படிப்பவருக்கு அது 34 வாரத்தில் தீர்ந்துவிடும். தாய்மொழியிலேயே பள்ளிக்கூடம் காணாத ஒரு விவசாயி அவ்வளவு காலத்தில் பிறமொழியொன்றைப் பேசவும் எழுதவும் கற்றுவிடுவாரா என்பதை ஆசிரியத் தொழில் புரிவோரைக் கேட்டால் தெரியும். 2021ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அந்த வரம்பு நீக்கப்பட்டது.

ஆயினும் சட்டம் இளகியது போல் நடைமுறை எப்போதும் இளகுவதில்லை. சிட்னி நகரின் மேற்குப் பகுதியிலுள்ள பெயார்பீல்டில் ஈராக், சிரியா நாட்டு அகதிகள் பலர் குடியேறியுள்ளனர். அங்கே ஒரு குடும்பத்தை மனத்தில் நிறுத்திப் பார்ப்போம். தகப்பனார் ஊரில் ஆசிரியராயிருந்தவர். தாயார் கைக்குழந்தையுடன் இருக்கிறார். கடைசிப் பிள்ளைக்கு ஆறு வயதாகும் வரை அவருக்கு வேலை தேடும் கட்டாயம் இல்லை. பதினான்கு வயது மகள் பள்ளிக்குச் செல்கிறாள். ஒருநாள் அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு செய்தி வருகிறது. அதைப் படித்துச் சொல்லக்கூடியவள் மகள் ஒருத்தியே. அவள் பரீட்சைக்குச் சென்றிருந்த வேளையில் தகப்பனாரின் சந்திப்பு நாள் கடந்துவிடுகிறது. தக்க காரணம் காட்டும் வரை பணம் நிறுத்தப்படுகிறது. சோம்பலால் வராதவருக்கும், செய்தி விளங்காமையால் வராதவருக்கும் கணினி ஒரே விடையைத்தான் தரும்.

இது வீண் அச்சமன்று. 2022 ஏப்ரல் முதல் 2024 ஜூலை வரை 964 பேருடைய கொடுப்பனவு சட்டத்துக்கு முரணாக ரத்துச் செய்யப்பட்டதை அந்நாட்டின் ஒம்புட்ஸ்மன் 2025இல் வெளிப்படுத்தினார். இவர்கள் அனைவரும் அகதிகளல்லர். எனினும், அந்நாட்டிலே பிறந்து வளர்ந்தவரும் இடறக்கூடிய படியில், புதிதாய் வந்தவர் இன்னும் எளிதில் இடறுவார் என்பது தெளிவு.

வகுப்பிலேயே ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருந்தால் மொழி வந்துவிடுமா, வேலைத்தலத்தில் அல்லவா மொழி பழகும் என்று கேட்போரும் உளர். அவர்கள் கேள்வியிலும் நியாயமுண்டு. விக்டோரியா மாநிலத்தில் நில் என்பது 2,000 பேர் அளவில் வாழும் சிற்றூர். 2010ஆம் ஆண்டளவில் அங்குள்ள வாத்து இறைச்சித் தொழிற்சாலை ஆளின்றித் தவித்தபோது, பர்மாவிலிருந்து வந்த கரேன் அகதிகளை அழைத்து வேலை கொடுத்தது. வேலையோடு வீடும், அயலவர் துணையும், ஆங்கிலப் பயிற்சியும் அமைந்தன. அவர்கள் வரவால் அவ்வூர்ப் பொருளாதாரத்துக்கு 41.5 மில்லியன் டொலர் சேர்ந்ததாக 2015இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. ஆனால் நில் கற்பிக்கும் பாடம் மொழியை விட்டு வேலையைப் பிடி என்பதன்று. வேலையும் மொழியும் அயலவரின் அன்பும் ஒருங்கே கிடைத்தால் எவரையும் புள்ளி போட்டு விரட்ட வேண்டியதில்லை என்பதே.

நம்மவருக்கும் இதில் உறவுண்டு. படகேறி அந்நாடு சென்ற இலங்கைத் தமிழர் பலர் நெடுங்காலம் தற்காலிக விசாவில் இருந்தமையால், மேற்சொன்ன சலுகைகள் அவர்களுக்கு எட்டவில்லை. தற்காலிகப் பாதுகாப்பு விசா பெற்றிருந்தோருக்கு 2023 பெப்ரவரியில்தான் நிரந்தர வதிவுக்கு வழி திறந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டோருக்கு அவ்வழியும் திறக்கவில்லை. ஆகவே கடமையைப் பற்றிப் பேசுமுன் உரிமை யாருக்குண்டு என்பதையும் நினைத்தல் வேண்டும்.

அங்கே உறவினர் உள்ள குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளையைக் குடும்பத்தின் மொழிபெயர்ப்பாளராக்காதீர்கள் என்று அவர்களுக்கு எழுதுங்கள். தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவையை 1973ஆம் ஆண்டிலேயே தொடங்கிய நாடு அது. 131450 என்னும் இலக்கத்தை அழைத்தால் தமிழிலும் பேசலாம். வர இயலாத நாளில், சந்திப்பு நேரத்துக்கு முன்னரே காரணத்தைத் தெரிவிக்கச் சொல்லுங்கள். நோயென்றால் வைத்தியரின் சான்றிதழைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

மாணவச் செல்வங்களுக்கும் ஒன்று சொல்வோம். ஐம்பது வயதில் அரிச்சுவடியைத் திறந்து, தம் பிள்ளை வயதினரான ஆசிரியர் முன்னிலையில் தவறாக உச்சரித்து, மறுநாளும் கூச்சமின்றி வகுப்புக்கு வருவது சிறிய உழைப்பன்று. அதனைக் கடமை நிறைவேற்றமென்று ஒரு சட்டம் ஏற்றுக்கொள்ளுமாயின், அச்சட்டம் அந்த அளவிலேனும் நியாயமானது. அதே கல்வியைப் பாரமென்று எண்ணும் இளைஞர், அந்த முதியவரின் கையிலுள்ள பென்சிலைச் சற்றே நினைத்துப் பார்ப்பாராக.